‘பேடல் ஷிஃப்ட்’டா, கைகியரா? மலை இறங்கும்போது தெரியும் வித்தியாசம்

கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வாடை வரும். ரப்பர் எரிந்ததா, இரும்பு சுட்டதா என்று சட்டெனச் சொல்ல முடியாது. கம்போங் ராஜாவிலிருந்து கிந்தா பள்ளத்தாக்கின் தரை வரை ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறக்கம். முன்னே போகும் கார்களின் சிவப்பு விளக்கு அணையவே அணையாது. பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அந்த வாடை பிரேக் சூடாகி எழும் வாடை.

அப்படி இறங்கும் கார்கள் பலவற்றில் ஸ்டீரிங்குக்குப் பின்னால், காது மடல் மாதிரி, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு சிறு பிடிகள் இருக்கும். ஒன்றில் கழித்தல் குறி, மற்றதில் கூட்டல் குறி. கார் எடுத்த அன்று ஒருமுறை இழுத்துப் பார்த்ததோடு சரி. பிறகு கை அந்தப் பக்கம் போவதில்லை. சிலர் அதை மிதிக்கும் ‘பெடல்’ என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இது ‘பேடல்’, அதாவது துடுப்பு. படகுத் துடுப்பின் தட்டையான முனை போல இருப்பதால் வந்த பெயர்.

அதே பிடிகள்தான் ஃபார்முலா ஒன் காரிலும் இருக்கின்றன. நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய படங்களில் தெரிந்த போர்ஷே பந்தயக் காரிலும் கியர் மாற்றுவது இந்தப் பிடிகளால்தான். அதனால்தான் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ மாமாக் கடையில் நாலு பேர் கார் பேச உட்கார்ந்தால் பேச்சு இங்கே வந்து நிற்கிறது. “கிளட்ச் மிதிக்காதவனெல்லாம் டிரைவரா தம்பி?” என்பார் ஒருவர். “ஃபார்முலா ஒன்லயே கிளட்ச் மிதிக்கிறதில்லண்ணே” என்று பதில் வரும்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள, கியர் என்பது எதற்காக என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தோட்டத்து லோரியும் இரட்டைக் கிளட்ச்சும்

பெட்ரோல் இயந்திரத்துக்கு எல்லா வேகத்திலும் ஒரே அளவு பலம் கிடையாது. நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுகள் சுற்றும்போதுதான் அது நன்றாக இழுக்கும். சக்கரமோ நின்ற நிலையிலிருந்து நெடுஞ்சாலை வேகம் வரை போக வேண்டும். இந்த இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது கியர்ப்பெட்டி. முதல் கியரில் இயந்திரம் பல சுற்று சுற்ற, சக்கரம் மெதுவாக, ஆனால் பலமாகத் திரும்பும். ஐந்தாவதில் இயந்திரம் நிதானமாகச் சுற்ற, சக்கரம் வேகமாக ஓடும். மிதிவண்டியில் கியர் மாற்றி மேடேறிய எவருக்கும் இது தெரிந்ததே.

ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இயந்திரத்தையும் சக்கரத்தையும் கொஞ்ச நேரம் பிரித்துவைக்க வேண்டும். அதற்குத்தான் கிளட்ச். இடது காலால் மிதித்து, இடது கையால் கம்பியைத் தள்ளி, காலை மெல்ல விட வேண்டும். இதற்குள் கார் இழுவை இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும்.

இப்போதைய கைகியர் கார்களில் இது எளிது. உள்ளே இருக்கும் சிங்க்ரோ வளையங்கள் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் சமமாக்கிக் கொடுத்துவிடுகின்றன. ரப்பர் தோட்டக் காலத்து ஓட்டுநர்களுக்கு அந்த வசதி முழுமையாக இல்லை. துரைமார் சுற்றிவந்த பழைய லேண்ட்ரோவரில் மேலிரண்டு கியர்களுக்கு மட்டுமே சிங்க்ரோ இருந்தது. கீழ் கியருக்கு இறங்க வேண்டுமானால் கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து எண்ணெய் கொடுத்து, மறுபடி மிதித்து கியரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பல் உரசிக் கத்தும். இதற்குப் பெயர் டபுள் கிளட்ச். ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் ஏறி இறங்கிய ஓட்டுநர்கள் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. வண்டியின் சத்தத்தைக் கேட்டே கற்றுக்கொண்டார்கள். தோட்டத்தில் ‘டிரைவர்’ என்ற பெயருக்குத் தனி மரியாதை இருந்ததற்கு அந்தக் காதும் காலும் ஒரு காரணம்.

இன்று விலையுயர்ந்த கார்களின் விளம்பரத்தில் ‘டூயல் கிளட்ச்’ என்று வருவது வேறு. பெயர் ஒலிப்பதில்தான் ஒற்றுமை. அதற்குப் பிறகு வருவோம்.

மான்செல் பிடித்த விமானம்

ஸ்டீரிங்கில் கியர் வந்த கதைக்கு ஒரு நாள் உண்டு: 1989 மார்ச் 26, பிரேசில் கிராண்ட் பிரீ. ஃபெராரி அணியின் வடிவமைப்பாளர் ஜான் பார்னார்ட், ‘640’ என்ற புதிய காரில் கியர்க் கம்பியையே எடுத்துவிட்டார். வேகமாக கியர் மாற்றுவது மட்டும் அவர் எண்ணமில்லை. கம்பியும் அதை அசைக்கும் கையும் இல்லையென்றால் காரின் உடலை ஒடுக்கமாகக் கட்டலாம், காற்றை நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும் என்பதும் அவர் கணக்கு. ஓட்டுநர் பிடியை இழுத்தால் மின்சமிக்ஞை போகும். ஹைட்ராலிக் அழுத்தம் கிளட்சையும் கியரையும் மாற்றிவிடும்.

சோதனை ஓட்டங்களில் அந்தக் கார் நின்று நின்று போனது. பந்தயத்தை முடிக்கும் என்று ஃபெராரியிலேயே யாரும் நம்பவில்லை. ஓட்டுநர் நைஜல் மான்செல் சீக்கிரமே ஊர் திரும்பலாம் என்று முன்கூட்டிய விமானத்துக்கு இடம் பதிவு செய்திருந்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். நடுவில் ஸ்டீரிங் தளர்ந்துபோய் அதையே மாற்ற வேண்டியிருந்தது. இருந்தும் அவர் வென்றார். அந்த ஆண்டு ஃபெராரி பல பந்தயங்களைப் பாதியில் விட்டது உண்மை. ஆனால் முடித்த பந்தயங்களில் கார் முன்னணியில் இருந்ததை மற்ற அணிகள் கவனித்துவிட்டன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1991இல், அதே பிரேசிலில் அயர்ட்டன் சென்னா கைகியர் மெக்லாரனை ஓட்டினார். ஒவ்வொரு கியராகக் கைவிட்டு, கடைசியில் ஆறாவது கியரில் மட்டும் கார் சிக்கிக்கொண்டது. மெதுவான வளைவுகளிலும் ஆறாவது கியரிலேயே திணறித் திணறி வந்து வென்றார். முடிந்ததும் காரிலிருந்து எழக்கூட முடியவில்லை. அந்த ஆண்டு அவர் வாங்கிய உலகப் பட்டம்தான் ஃபார்முலா ஒன்னில் கைகியர் காருக்குக் கிடைத்த கடைசிப் பட்டம். சில ஆண்டுகளுக்குள் பந்தயத்தில் நின்ற கார்கள் எல்லாவற்றிலும் பேடல் வந்துவிட்டது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் காலடி வைத்தபோது, கைகியர் அங்கே பழங்கதை.

காரணம் எளிய கணக்கு. கைதேர்ந்த ஓட்டுநருக்கும் ஒரு கியர் மாற்ற அரை நொடி அளவு பிடிக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடியில் கார் 28 மீட்டர் போய்விடும். அவ்வளவு தூரமும் இழுவை இல்லாத தூரம். 2007இல் வந்த ஃபெராரி 430 ஸ்கூடேரியா சாலைக் காரின் பேடல் இதே வேலையை 60 மில்லி நொடியில் செய்தது. அந்த நேரத்தில் கார் போவது மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். இப்படி ஒரு சுற்றில் பல பத்து முறை கியர் மாறினால் மிச்சமாகும் தூரத்தை வாசகர்களே கூட்டிப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. கைகியரில் அவசரத்தில் தப்பான கியர் விழுந்தால் இயந்திரமே உடையும். பேடலில் கணினி அதற்கு இடம் கொடுக்காது.

ஆக, வேகம்தான் கேள்வி என்றால் வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் மாமாக் கடை அண்ணன் சொன்னதையும் முழுதாகத் தள்ள முடியாது. ஃபார்முலா ஒன்னில் முழு ஆட்டோ கியருக்கு 2004 முதல் தடை. கிளட்சை மிதிப்பது கணினியின் வேலையாகிவிட்டது. எப்போது மாற்றுவது என்ற முடிவு மட்டும் இன்றும் ஓட்டுநரின் விரலில்தான் இருக்கிறது.

பிடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

நம் ஊரில் குழப்பம் தொடங்குவது இங்கேதான். பேடல் என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். வீட்டில் ஒரே மாதிரி சுவிட்சைத் தட்டினால் ஓரிடத்தில் விளக்கு எரியும், ஓரிடத்தில் மின்விசிறி சுற்றும். பேடலும் அப்படித்தான். பின்னால் எந்தப் பெட்டி இருக்கிறதோ, அதற்கேற்ற வேலையைத்தான் செய்யும்.

ஹோண்டா சிட்டி, தொயோத்தா வியோஸ் ஆகியவற்றின் சில ரகங்களில் இருப்பது சிவிடி. அதில் பற்சக்கரப் படிகளே இல்லை. இரண்டு கூம்புச் சக்கரங்களுக்கு நடுவே ஓர் உலோகப் பட்டை ஓடும். கூம்புகள் விரிந்து சுருங்க, விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். பேடலை இழுத்தால் காட்டும் ‘ஏழு கியர்’ என்பது, கணினி அந்த வழுக்கலில் ஏழு இடங்களில் நின்று காட்டுவது. எண்ணெய்ச் சிக்கனத்துக்கும் நகர நெரிசலுக்கும் அருமையான பெட்டி. பந்தயக் காரோடு அதற்கு உறவு இல்லை. உபரிப் பொருள் கடையில் பேடலுக்கு மேல் ஒட்டும் பளபளப்பான நீட்டிப்பை வாங்கி மாட்டினாலும் உறவு வந்துவிடாது.

மாஸ்டா, பிஎம்டபிள்யூ போன்றவற்றில் பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த வழக்கமான ஆட்டோ கியர். இதில் கியர்கள் உண்மையானவை. கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெயின் சுழற்சி வழியாகச் சக்தி போகும். முன்பெல்லாம் இது மந்தமான பெட்டி என்ற பெயர் வாங்கியிருந்தது. எட்டு கியர் கொண்ட இன்றைய வகைகள் அந்தப் பெயரைத் துடைத்துவிட்டன.

அடுத்து, மேலே விட்டுவைத்த டூயல் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது தயாராகக் கோர்த்து நிற்கும். பேடலை இழுத்ததும் ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்கும். இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. போர்ஷே இதை 1980களில் பந்தயக் கார்களில் சோதித்துப் பார்த்தது. சந்தைக்கு வந்த சாலைக் காரில் முதலில் வைத்தது ஃபோக்ஸ்வாகன், 2003இல், கோல்ஃப் ஆர்32 காரில். இன்று இது பேராக்கின் சரக்கும்கூட. தஞ்சோங் மாலிமில் தயாராகும் புரோட்டோன் எக்ஸ்50 காரில் இருப்பது எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் ஏழு கியர் டூயல் கிளட்ச்.

‘எண்ணெயில் நனைந்த’ என்பதைப் பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டும். எண்ணெய் இல்லாத உலர் வகையும் உண்டு. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போதும், மேட்டில் பிரேக் பிடிக்காமல் எண்ணெய் மிதித்தே காரை நிறுத்திவைக்கும்போதும் உலர் கிளட்ச் சூடேறித் தேயும். ஃபோர்ட் ஃபியஸ்டா, ஃபோக்கஸ் கார்களில் வந்த உலர் வகைப் பெட்டி நடுங்குவதாக உலகம் முழுதும் புகார் எழுந்தது. அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் அந்த நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஈப்போ பழைய கார் கடைகளில் இந்த மாதிரிக் கார்கள் மலிவாக நின்றால், மலிவுக்குக் காரணம் என்ன என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

சாதாரணக் கைகியர்ப் பெட்டியை எடுத்து, கிளட்ச் மிதிக்கும் வேலையை மட்டும் இயந்திரக் கைக்குக் கொடுத்த வகையும் உண்டு. 2005இல் வந்த புரோட்டோன் சாவ்வியின் ஏஎம்டி ரகம் அதுதான். அதில் பேடல் கிடையாது, ஆனால் உள்ளே நடப்பது பழைய ஃபெராரியின் அதே தத்துவம். கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடும். அதை ஓட்டியவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

திரும்பி வந்த கம்பி

பந்தயம் என்றால் பேடல் என்று முடிவு கட்டிய பிறகும் ஓரிடத்தில் கம்பி போராடிக்கொண்டிருக்கிறது. அது ராலி.

நம் நாட்டின் கரம்ஜிட் சிங், ‘பறக்கும் சீக்கியர்’, 2002இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். அருகில் இருந்து வழி சொன்னவர் ஆலன் ஓ. கார், மிட்சுபிஷி லான்சர் எவலூஷனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் பெர்ட். கடையில் விற்கும் காருக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. ஆகவே கிளட்ச், கியர்க் கம்பி எல்லாம் உண்டு. மண்ணும் கல்லும் தெறிக்கும் பாதையில் ஒரு கையால் ஸ்டீரிங்கை வளைத்துக்கொண்டே மறு கையால் கியர் மாற்றி வாங்கிய பட்டம் அது.

அந்த ஆண்டுகளில் மேல்பிரிவு ராலிக் கார்களில் பேடல் வந்திருந்தது. பிறகு 2011இல் அதை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் இழுக்கும் கம்பியைக் கட்டாயமாக்கினார்கள். 2015இல் பேடல் மறுபடி வந்தது. 2022இல் புதிய ரகக் கார்கள் வந்தபோது மீண்டும் கம்பி. இந்த இழுபறிக்கு முக்கியக் காரணம் வேகமல்ல, செலவு. ஹைட்ராலிக் குழாய், உணர்கருவி, கணினி என்று ஒவ்வொன்றும் பணம். காட்டுக்குள் கெட்டுப்போனால் சரிசெய்வதும் கடினம்.

சாலைக் கார்களிலும் இப்படி ஒரு திருப்பம் நடந்தது. போர்ஷே 2013இல் தன் 911 ஜிடி3 காரைப் பேடல் பெட்டியோடு மட்டும் விற்றது. சுற்றுப்பாதையில் அதுதான் வேகம் என்ற வாதம் சரிதான். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். 2016இல் கைகியரோடு மட்டும் 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் வெளியிட்டதும், விற்ற விலையைவிடப் பல மடங்கு கேட்டு அவை கைமாறின. 2017இல் ஜிடி3க்குக் கைகியர் திரும்பி வந்தது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் இன்றுவரை கைகியர் மட்டுமே. தொயோத்தா ஜிஆர் யாரிஸ் கைகியரோடு பிறந்து, 2024இல்தான் எட்டு கியர் ஆட்டோவையும் சேர்த்துக்கொண்டது.

இவை எல்லாம் தோட்ட வீட்டு வாசலில் நிற்கும் கார்கள் இல்லை. ஆனால் 1998இல் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ நிற்கும். லோட்டஸ் பொறியாளர்கள் செம்மைப்படுத்திய, 1.8 லிட்டர் இயந்திரமும் ஐந்து கியர் கம்பியும் கொண்ட அந்தச் சிறு காரை இன்றும் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள் பேராக்கில் இருக்கிறார்கள். அதைவிடப் பல சிவிடி கார்கள் இன்று வேகமாகப் போகும். ஆனால் கியரைச் சரியான சுற்றில் போட்டு வளைவிலிருந்து வெளியே வரும் அந்தச் சிறு திருப்தியைச் சிவிடி தராது. திருப்தியை அளக்க அளவுகோல் இல்லாததால்தான் இந்த வாதம் முடிவதில்லை. அந்தத் திருப்தியை நள்ளிரவில் பொதுச் சாலையில் தேடுவது வேறு விஷயம், அதற்கு எந்த கியரும் சாக்காகாது.

டி-யா, டிஏ-வா?

இளைஞர்களுக்கு உண்மையில் முடிவெடுக்க வேண்டியிருப்பது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மேசையில். ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகா கார் உரிமத்தை இரண்டாக வைத்திருக்கிறது. ‘டி’ உரிமம் எடுத்தால் கைகியர், ஆட்டோ இரண்டையும் ஓட்டலாம். ‘டிஏ’ எடுத்தால் ஆட்டோ மட்டும். டிஏ உரிமத்தோடு கைகியர் வாகனத்தை ஓட்டுவது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும்.

டிஏ சுலபம். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்சைப் பாதியில் பிடிக்கும் பயம் இல்லை. கோலாலம்பூரில் அலுவலக வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ, வீட்டில் ஒரு ஆட்டோ கார் மட்டும் இருக்கும் குடும்பத்துக்கோ அது போதும். பேடல் உள்ள கார்களும் இதில்தான் அடங்கும். கிளட்ச் மிதி இல்லாத எதுவும், போர்ஷேயே ஆனாலும், உரிமத்தின் கண்ணுக்கு ஆட்டோதான்.

ஆனால் ரப்பர் போய் செம்பனை வந்த தோட்டங்களில் குலை ஏற்றும் லோரி, டிராக்டர், காய்கறி இறக்கும் சிறு லோரி, பட்டறைக்கு வரும் பழைய வேன் என்று வேலைக்கு வரும் வண்டிகளில் பல இன்னமும் கைகியர்தான். லோரி ஓட்டுவதையே தொழிலாக்க நினைப்பவருக்கு டி உரிமம் அடிப்படை. பதினெட்டு வயதில் ‘ஆட்டோ போதும்’ என்று எடுத்துவிட்டு, இருபத்திரண்டில் வேலை கேட்கும்போது மறுபடி வகுப்பு, மறுபடி தேர்வு, மறுபடி கட்டணம் என்று அலைவது தேவையில்லாத செலவு. வீட்டில் கைகியர் கார் இல்லை என்பது காரணமாகாது. பயிற்சிப் பள்ளியில் இருக்கிறது.

கைகியரில் கற்க இன்னும் மலிவான புதுக் கார் வேண்டுமென்றால், பெரோடுவா 2023இல் ரிம. 22,000க்கு அறிமுகப்படுத்திய ஆக்சியா இ போன்ற ஓரிரண்டுதான் இருந்தன. கம்பெனிகள் கைகியரை ஒவ்வொரு ரகமாகக் கைவிட்டு வருகின்றன. மின்சாரக் கார் வந்தால் மாற்றுவதற்கு கியரே இருக்காது. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் அதற்கும் ஆலை வைத்துவிட்டது. ஹுண்டாய் ஐயோனிக் 5 போன்ற மின்சாரக் கார்களில் பேடல் இருக்கிறது, ஆனால் அது வேகம் குறையும்போது மின்கலத்துக்கு எவ்வளவு மின்சாரம் திரும்ப வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்க மட்டுமே.

இடப்பக்கப் பிடியை இழுங்கள்

மறுபடி சிம்பாங் பூலாய் இறக்கத்துக்கு வருவோம். பேடல் வைத்த சிட்டியோ வியோஸோ பந்தயக் கார் இல்லைதான். ஆனால் அந்த இடப்பக்கக் கழித்தல் குறிக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது.

பிரேக் என்பது உரசல். உரசல் வெப்பம். நீண்ட இறக்கத்தில் இடைவிடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டைகள் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை அமுங்கிப் போகும். இதைத் தடுக்கும் வழி, வண்டியின் எடையை இயந்திரமே தாங்கும்படி கீழ் கியரில் இறங்குவது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய லோரி ஓட்டுநர்களின் கணக்கு. இது கைகியருக்கு மட்டுமான கணக்கு இல்லை.

பேடல் உள்ள காரில், இறக்கம் தொடங்கும் முன்பே இடப்பக்கப் பிடியை ஒருமுறை, போதாவிட்டால் இன்னொருமுறை இழுத்தால் இயந்திரத்தின் சத்தம் உயரும், கார் பின்னாலிருந்து யாரோ பிடித்தது போல மெதுவாகும். சத்தத்தைக் கேட்டு வண்டி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். தாங்க முடியாத சுற்றுக்குப் போகும் என்றால் கணினி அந்த இழுப்பை ஏற்காது. பல கார்களில் ‘டி’யில் வைத்து பேடலை இழுத்தால் சற்று நேரத்தில் அது தானாகவே பழைய நிலைக்குப் போய்விடும். இறக்கம் முடியும்வரை கீழ் கியரிலேயே நிற்க வேண்டுமானால் கியரை ‘எஸ்’ அல்லது ‘எம்’ நிலைக்கு மாற்றிவிட்டு இழுக்க வேண்டும். காரின் கையேட்டில் இது இருக்கும். மலைக்குப் போகும் முந்தைய நாள் வீட்டு வாசலில் பத்து நிமிடம் அதைப் புரட்டினால் போதும்.

பேடல் இல்லாத ஆட்டோ காரிலும் வழி உண்டு. கியர் கம்பியின் பக்கத்தில் ‘டி’க்குக் கீழே ‘எஸ்’, ‘பி’, ‘எல்’, ‘3’, ‘2’ என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. கைகியர் காரில் இறங்குவோர் செய்யும் தவறு வேறு. எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருள விடுவது. கார்பரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய இயந்திரங்களில் கியரில் இருந்தபடி, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து இறங்கினால் கணினி பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இயந்திரத்தை அணையாமல் வைக்கப் பெட்ரோல் செலவாகும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

கேமரன் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலைப்பகுதியைப் பேராக்கில் கார் ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் போகும் பழைய சாலை இன்னும் ஒடுக்கம், இன்னும் வளைவு. பாரம் ஏற்றிய லோரி கீழ் கியரில் உறுமிக்கொண்டு மெதுவாக இறங்கினால், பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் சரியாகத்தான் இறங்குகிறார்.

அந்த வாடை உங்கள் காரிலிருந்தே வந்தாலோ, பிரேக் மிதி பஞ்சு போல அமுங்கினாலோ, உடனே கீழ் கியருக்குக் கொண்டுவந்து, அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாமல், தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான தட்டில் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும். அதற்குப் பிறகு மீதி இறக்கத்துக்கும், வீடு போய்ச் சேர்ந்தபின் பட்டறைக்கும் அந்தக் காரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.